காலிமுகத்திடல் காற்றில் மூழ்கிப்போன பேட்டி: ஏதாவது செய்யலாமா?

கடலைச்சரை · ஜூலை 13, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் பழைய தொழில் செய்கிறவர்களைப் பற்றிச் சின்னச் சின்ன வீடியோக்கள் எடுத்து வருகிறேன். இதுவரை எடுத்தது எல்லாம் கட்டடத்துக்குள். செட்டியார் தெருவில் ஒரு நகைப் பட்டறை, கொட்டாஞ்சேனையில் ஒரு தையல்காரர். சத்தம் எனக்கு ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை.

நேற்றுத்தான் முதல்முறை வெளியே போனேன். காலிமுகத்திடலில் பல வருடமாகப் பட்டம் விற்கிற ஒரு ஐயா. பின்னேரம் நாலரைக்கு ஆரம்பித்து 38 நிமிடம் நிறுத்தாமல் கதைத்தார். பட்டத்துக்கு வால் கட்டுவது எப்படி, எந்த மாதத்துக் காற்று எந்தப் பக்கம் இழுக்கும், எந்தப் பிள்ளை வாங்கும், எந்தப் பிள்ளை பார்த்துவிட்டுப் போகும் என்று எல்லாம் வந்தது. சந்தோசமாக வீட்டுக்கு வந்து ஹெட்போனைப் போட்டால், யாரோ மைக்கைத் தலையணையால் அடிக்கிற மாதிரி 'புபுபுப்' என்று ஒரே இரைச்சல். அதற்குமேல் காலி வீதி பஸ்களின் ஹோர்ன், காகம், பக்கத்து இறால் வடைக் கடையின் பாட்டு. பதினேழாவது நிமிடத்தில் ஐயா தன் மனைவி தவறிப்போன கதையைச் சொல்கிறார். சரியாக அந்த இடத்தில், வீதி வீதியாகப் பாண் விற்கிற ஒரு சூண் பாண் ஓட்டோ 'ஃபர் எலீஸ்' மெட்டை வாசித்துக்கொண்டு கடந்து போகிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

எடுத்தது ஆண்ட்ரொயிட் போனில். முக்காலியில் வைத்து, ஐயாவிடமிருந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர். சட்டையில் குத்துகிற வயர்லெஸ் மைக்கும் இருந்தது, அதன் ரிசீவர் போனின் சார்ஜ் ஓட்டையில் குத்துவது. மைக்கில் பஞ்சுத் தொப்பி போட்டிருந்தேன்.

இதை எந்த மென்பொருளில் போட்டுச் சுத்தம் செய்யலாம்? திரும்ப எடுக்கலாம்தான், ஆனால் ஆகஸ்ட் பிறந்தால் பட்டச் சீசன், ஐயாவுக்கு மூச்சுவிட நேரம் இராது.

சுடச்சுட · ஜூலை 13, இரவு 10.31

அடோபி பொட்காஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். ஒரு பட்டன். வேலை முடிந்தது.

பழைய_ஸ்பீக்கர் · ஜூலை 13, இரவு 11.05

தம்பி, மென்பொருளைப் பிறகு பார்ப்போம். முதலில் எனக்கு மூன்று விசயம் சொல்லுங்கள்.

எடிட்டிங்கில் அந்த ஒலியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் உச்சிகள் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் தட்டையாக இருக்கிறதா, இல்லை உருண்டையாக இருக்கிறதா?

ஐயா கதைக்கும்போது இடையில் நீங்கள் இருமினீர்களா, கேள்வி கேட்டீர்களா? உங்கள் குரல் பெரிதா, ஐயாவின் குரல் பெரிதா?

ஆரம்பிக்கமுன் மைக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தீர்களா?

கடலைச்சரை · ஜூலை 14, காலை 7.48

சுடச்சுட சொன்னபடி ஏற்றிப் பார்த்தேன். சுத்தமாகத்தான் வந்தது, ஆனால் வந்தவர் எங்கள் ஐயா இல்லை, செய்தி வாசிக்கிற யாரோ ஒருவர். காற்று கொஞ்சமாக இருந்த இடத்தில் பரவாயில்லை. பலமாக அடித்த இடத்தில் எந்தப் பாசையிலும் இல்லாத ஏதோ சொல்கிறார். 'வால் நீளம் காணாது' என்பது 'வாள் ஈழம் காளாடு' மாதிரிக் கேட்கிறது. இதை அப்படியே வெளியிட்டால் வேறு பிரச்சினையில் மாட்டுவேன்.

பழைய ஸ்பீக்கர் அண்ணா, உச்சிகள் பாதிக்கு மேல் தட்டைதான். மைக்கைச் சுரண்டிப் பார்க்கவில்லை. உங்கள் இரண்டாவது கேள்வியைப் படித்தபிறகுதான் கவனித்தேன்: ஐயாவை விட என் குரல் பெரிதாக இருக்கிறது. ஒரு இடத்தில் இருமியிருக்கிறேன், காது கிழிகிறது. ஏன்? மைக் ஐயாவின் சட்டையில்தானே இருந்தது?

பழைய_ஸ்பீக்கர் · ஜூலை 14, காலை 8.30

மைக் சட்டையில் இருந்தது, ஒலி அதிலிருந்து போகவில்லை. 38 நிமிடமும் உங்கள் போனின் சொந்த மைக்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நீங்கள் போனுக்குப் பின்னால் நின்றீர்கள், ஐயா இரண்டு மீட்டர் தள்ளி இருந்தார். உங்கள் இருமல் பெரிதாகக் கேட்காமல் என்ன செய்யும்.

சார்ஜ் ஓட்டையில் ரிசீவரைக் குத்தி, அதில் பச்சை விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சில ஆண்ட்ரொயிட் போன்களின் கமரா செயலி அதைக் கண்டுகொள்ளாமல் உள் மைக்கிலேயே போய்க்கொண்டிருக்கும். ஓப்பன் கமரா என்ற இலவசச் செயலியில் வெளி மைக்கைத் தெரிவு செய்யலாம். பிளாக்மேஜிக் கமராவும் இலவசம்தான், அதில் ஒலியின் அளவை அசையும் கோடாகவும் பார்க்கலாம். வயர் மைக் என்றால் இன்னொரு கூத்து இருக்கிறது. குத்தியின் நுனியில் கறுப்பு வளையம் இரண்டு மட்டும் இருந்தால் அது கமராவுக்கானது, போனுக்கு மூன்று வளையம் வேண்டும். மாற்றிக் குத்தினாலும் பதிவு ஓடும், உள் மைக்கில்.

அதனால்தான் நகம். ஆரம்பிக்கமுன் சட்டையில் இருக்கிற மைக்கை ஒரு தரம் சுரண்டுங்கள், பிறகு போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். பத்து விநாடி பதிவு செய்து போட்டுக் கேளுங்கள். எது கரகரவென்று பெரிதாகக் கேட்கிறதோ அதுதான் வேலை செய்கிற மைக். முப்பது வருடமாகக் கலியாணத்திலும் கோயில் திருவிழாவிலும் மைக் கட்டுகிறேன், இன்றைக்கும் சுரண்டாமல் ஆரம்பிப்பதில்லை.

கடலைச்சரை · ஜூலை 14, காலை 8.41

சுரண்டிப் பார்த்தேன்.

நீங்கள் சொன்னதுதான். எனக்கு ஒரு கோப்பை பிளேன்டீ வேண்டும்.

கறுப்புவெள்ளை · ஜூலை 14, காலை 9.15

இந்த வயர்லெஸ் விளையாட்டுச் சாமானெல்லாம் இப்படித்தான். நீளக் குழாய் மாதிரி இருக்கிற நல்ல ஷொட்கன் மைக் ஒன்று வாங்கிப் போனுக்கு மேலே மாட்டுங்கள். அது நேரே இருக்கிறதை மட்டும்தான் கேட்கும், பஸ்ஸும் காகமும் உள்ளே வராது. சினிமாக்காரர்கள் எல்லாம் அதுதான் பாவிக்கிறார்கள்.

பழைய_ஸ்பீக்கர் · ஜூலை 14, பகல் 12.50

சினிமாக்காரர் அதைக் கமராவின் தலையில் மாட்டுவதில்லை. நீளத் தடியின் நுனியில் கட்டி, நடிகரின் தலைக்கு மேலிருந்து வாயைப் பார்த்துக் கீழே சாய்த்துப் பிடிக்கிறார்கள். அந்தத் தடி பிடிக்க ஒரு ஆள், அவருக்குச் சம்பளம். மேலிருந்து கீழே பார்த்தால் மைக்குக்கு எதிரே இருப்பது நிலம் மட்டும். நீங்கள் சொல்கிறபடி போனில் மாட்டினால் மைக்குக்கு எதிரே ஐயா, ஐயாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அதுவும்.

இன்னும் ஒன்று. அந்தக் குழாய் வடிவ மைக் கூரிய சத்தங்களைத்தான் பக்கவாட்டில் தடுக்கும். பஸ் எஞ்சினின் உறுமல் போன்ற தாழ்ந்த சத்தத்துக்கு அந்தக் குழாயின் நீளம் காணாது, அது தாராளமாக உள்ளே வரும். கடற்கரையில் இன்னும் மோசம். திசை பார்த்துக் கேட்கிற மைக் எதுவானாலும், எல்லாப் பக்கமும் கேட்கிற சட்டை மைக்கை விடக் காற்றுக்குக் கெதியாகப் பயப்படும்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், தம்பிக்கு மட்டுமில்லை, பின்னால் தேடி வருகிறவர்களுக்கும் உதவும்.

வெளியில் எடுக்கும்போது 'சத்தம்' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு சாமான். பஸ், காகம், பாட்டு எல்லாம் உண்மையான ஒலி, காற்றில் பயணம் செய்து மைக்குக்கு வருகிறது. அந்தப் 'புபுபுப்' அப்படியில்லை. காலிமுகத்திடலில் நின்ற உங்கள் காதுக்கு அது கேட்டிராது. காற்று மைக்கின் வாயில் மோதிச் சுழலும்போது மைக்குக்குள்ளேயே பிறக்கிற இரைச்சல் அது. பெரும்பாலும் மிகத் தாழ்ந்த அதிர்வெண். ஆனால் பலம் அதிகம், அந்தப் பலத்தில் பதிவின் உச்சிகள் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட இடத்தில் ஐயாவின் குரலும் சேர்ந்தே வெட்டுப்பட்டுவிட்டது. இல்லாததை எந்த மென்பொருளும் கொண்டுவராது. செயற்கை நுண்ணறிவு என்றால் அது ஊகித்து நிரப்பும். 'வாள் ஈழம்' வந்தது அப்படித்தான்.

ஆகவே காற்றை மைக்கில் மோதவே விடக்கூடாது. பஞ்சுத் தொப்பி வீட்டுக்குள் 'ப' என்று ஊதுகிற ஊதலுக்குத்தான் போதும், கடற்கரைக்குக் காணாது. அதற்கு மேல் ரோமத் துணி வேண்டும். ரோமங்கள் காற்றைச் சின்னச் சின்னதாக உடைத்து, மைக்கைச் சுற்றி அசையாத காற்று கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குரல் அதற்குள்ளால் போய்விடும்.

மற்றச் சத்தங்களுக்கு மருந்து தூரம். திறந்த வெளியில் வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும். இரண்டு மீட்டரை 20 சென்றிமீட்டர் ஆக்கினால் 20 டெசிபல். பஸ் எங்கே ஓடுகிறதோ அங்கேயேதான் ஓடும், அதன் சத்தம் கூடாது. குரல் கூடினபடியால் நீங்கள் ரெக்கோர்டிங் அளவைக் குறைப்பீர்கள், அதோடு பஸ்ஸும் குறையும். விலைகூடிய மைக்கை இரண்டு மீட்டரில் வைப்பதை விட மலிந்த மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைப்பது மேல். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், எல்லோரும் கேட்டுவிட்டு மைக்தான் வாங்குகிறார்கள்.

அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற வசதியையும் நிறுத்துங்கள். ஐயா மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் போன் 'அமைதியாகிவிட்டது, கூட்டுவோம்' என்று நினைத்துக் கடலையும் பஸ்ஸையும் தூக்கிக் காட்டும். கையால் வையுங்கள். சாதாரணமாகக் கதைக்கும்போது ஒலி அளவைக் காட்டுகிற கோடு மைனஸ் 12 டெசிபலுக்குப் பக்கத்தில் ஆடினால் சரி.

சுடச்சுட · ஜூலை 14, பகல் 1.10

32 பிட் ஃப்ளோட் ரெக்கோர்டர் இருந்தால் இந்தக் கவலை ஒன்றும் இல்லையே? எவ்வளவு பெரிய சத்தமும் வெட்டுப்படாது.

பழைய_ஸ்பீக்கர் · ஜூலை 14, பகல் 1.25

ரெக்கோர்டரில் வெட்டுப்படாது. மைக்கின் தலையிலேயே காற்று அடித்து நெளிந்துவிட்டால், நெளிந்ததை மிக நேர்மையாகப் பதிந்து தரும். அதோடு, குரலுக்கும் பஸ்ஸுக்கும் இடையிலான வித்தியாசத்தை அது ஒரு டெசிபலும் மாற்றாது.

மாளிகாவத்தை_மச்சான் · ஜூலை 14, பின்னேரம் 5.40

நான் கலியாண வீடியோ எடுக்கிறவன். மாப்பிள்ளை பொம்புளையைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகாமல் கொழும்பில் ஒரு கலியாணமும் முடிவதில்லை, அதனால் காற்றோடு எனக்குப் பழைய பகை.

ரோமத் தொப்பி கடையில் வாங்கலாம். நான் வாங்குவதில்லை. புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கிற ஒரு கரடிப் பொம்மையை வாங்கி, வயிற்றைக் கிழித்து, துணியை எடுத்துத் தைத்துக்கொள்கிறேன். ஒரு கரடியில் எட்டு மைக்குக்குத் தொப்பி வரும். எல்லாக் கரடியும் சரிவராது. ரோமம் ஒரு விரல் அளவு நீளமாக இருக்கவேண்டும், துணியின் பின்பக்கம் இறுக்கமாக இருக்கக்கூடாது. கடையிலேயே துணியை வாயில் அழுத்தி மூச்சு விட்டுப் பாருங்கள். மூச்சு இலேசாகப் போனால் குரலும் போகும். பின்பக்கத்தில் ரப்பர் பூசியிருந்தால் மூச்சு முட்டும், அதைப் போட்டால் போர்வைக்குள்ளிருந்து கதைக்கிற மாதிரி வரும். நான் கரடியை முத்தம் கொடுக்கிற மாதிரி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கடைக்காரப் பொடியன் ஒரு நாள் தன் முதலாளியைக் கூப்பிட்டுவிட்டான்.

அடுத்தது நிற்கிற இடம். காலிமுகத்திடலுக்கு மேற்கே கடல், கிழக்கே காலி வீதி. ஜூலையில் தென்மேற்கிலிருந்துதான் காற்று. ஐயாவைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். அவருடைய உடம்பே காற்றுக்கு மதில், நெஞ்சில் இருக்கிற மைக் ஒதுக்குப்புறமாகிவிடும். கடலும் படத்தில் வடிவாக வரும். ஆனால் பின்னேரம் இப்படி நிறுத்தினால் சூரியன் முதுகுப்பக்கம், முகம் கறுத்துவிடும். ஆகவே காலையில் போகவேண்டும். ஆறரை மணிக்கு வெயில் வீதிப் பக்கமிருந்து நேரே முகத்தில் விழும், பஸ் குறைவு, காற்றும் பின்னேரத்து அளவுக்கு இராது, வடைக் கடைகள் திறந்திருக்காது. ஞாயிறு என்றால் இன்னும் நல்லது. போயா (பௌர்ணமி விடுமுறை) நாளும் நல்லது, வெசாக்கைத் தவிர. வெசாக் அன்றைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் தன்சல் (இலவசச் சாப்பாட்டுப் பந்தல்), தன்சலுக்கு ஒரு ஒலிபெருக்கி.

ஜெனரேட்டர் பூட்டின உணவு வண்டியிலிருந்து தூரமாக நில்லுங்கள். அதை நான் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன், நானே ஒரு நிக்காஹ் வீடியோவில் மாட்டியிருக்கிறேன். மணமகளின் தகப்பன் அழுகிறார், பின்னால் ஜெனரேட்டர் சிரிக்கிறது.

கடலைச்சரை · ஜூலை 14, பின்னேரம் 6.02

மச்சான் நானா, கரடிக் கதைக்கு நன்றி. ஐயாவிடம் போனில் கேட்டேன். 'காலையில் யாரப்பா பட்டம் வாங்குகிறது?' என்கிறார். ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மாடிவீட்டு_டீச்சர் · ஜூலை 14, இரவு 8.15

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்து மாடிவீடு எங்களுடையது. பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் மொட்டைமாடியில் எடுத்துப் போடுகிறேன். அதனால் எனக்குத் தெரிந்த இரண்டு விசயம்.

ரயில் வந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலால் கத்திக் கதைக்கக்கூடாது. குரல் மாறிவிடும், பிறகு வெட்டி ஒட்டமுடியாது. ஹோர்ன் கேட்டதும் நான் வசனத்தைப் பாதியில் விட்டு, ரயில் முழுதாகப் போகும் வரை நின்று, அந்த வசனத்தை முதலிலிருந்து சொல்வேன். ஒரு வருடமாக இதையே செய்து, இப்போது என் பூனையும் ஹோர்ன் கேட்டால் அசையாமல் இருக்கிறது.

மற்றது பாட்டு. நீங்கள் பஸ் ஹோர்னுக்குப் பயப்படுகிறீர்கள், நான் பஸ்ஸுக்குள் போகிற பாட்டுக்குத்தான் பயப்படுவேன். கீழே வீதியில் நின்ற ஒரு வாகனத்தில் சினிமாப் பாட்டு போனது, என் பாடத்தில் இலேசாகத்தான் கேட்டது. யூரியூப் அதைக் கண்டுபிடித்து உரிமைக் கோரல் போட்டுவிட்டது. வினைத்தொகை பற்றிய பாடத்துக்கு விளம்பரக் காசு பாட்டுக் கம்பனிக்குப் போகும் என்றால் யார் நம்புவார்கள்? உங்கள் இறால் வடைக் கடைப் பாட்டையும் ஒருதரம் கவனியுங்கள்.

சூண் பாண்காரருக்குப் பயமில்லை. பீத்தோவன் அதை எழுதியது 1810இல், அவருக்கு யாரும் காசு கட்டத் தேவையில்லை. (அந்த மணியோசையை யாராவது தனியாகப் பதிவு செய்து உரிமை கோரினால் வேறு கதை.)

சுடச்சுட · ஜூலை 14, இரவு 8.22

டீச்சர், குரலையும் பாட்டையும் பிரிக்கிற இலவச மென்பொருள் இருக்கிறது, அல்டிமேட் வோக்கல் ரிமூவர் என்று. பாடகர் குரலை எடுக்கச் செய்தது, பின்னால் போகிற இசையைக் கழற்றவும் உதவும். ஆனால் பின்னால் போவது பாடுகிற குரல் என்றால் அதையும் உங்கள் குரலோடு சேர்த்தே வைத்துக்கொள்ளும்.

பழைய_ஸ்பீக்கர் · ஜூலை 14, இரவு 9.00

இது உருப்படியான யோசனை. மென்பொருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எது எதற்கு என்று தெரிந்து பாவியுங்கள் என்கிறேன். ஒடாசிட்டியில் சத்தக் குறைப்பு இருக்கிறது, சத்தம் மட்டும் உள்ள ஒரு துண்டைக் காட்டிக் கொடுத்தால் அதை முழுப் பதிவிலிருந்தும் கழிக்கும். ஒரே சீராகப் போகிற ஏசி, விசிறி, தூரத்து வாகன இரைச்சல் என்றால் நன்றாகச் செய்யும். திடீரென்று வருகிற ஹோர்னை அதற்குத் தெரியாது. காகம் கரைவது மனிதக் குரல் இருக்கிற அதே அலைவரிசையில், அதைக் கழித்தால் குரலும் கழியும். டாவின்சி ரிசோல்வின் காசு கொடுக்கிற பதிப்பில் குரலைப் பிரிக்கிற வசதி நல்லது, ஆனால் முழுதாகத் திருகாதீர்கள், பாதியில் நிறுத்துங்கள். கொஞ்சம் இரைச்சல் மிஞ்சினால் காது மன்னிக்கும், தகரக் குரலை மன்னிக்காது.

எல்லாவற்றுக்கும் முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். ஐயாவின் குரல் மெலியுமோ என்று பயப்படவேண்டாம். பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் போனில் பார்ப்பார்கள், அந்தக் குட்டி ஸ்பீக்கரால் அதற்குக் கீழே ஒன்றும் வராது. மேல் சுரங்களைக் கேட்டே காது அடிச்சுரத்தைத் தானாகக் கட்டிக்கொள்ளும்.

வானொலிக்காது · ஜூலை 15, காலை 6.30

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விசயம் யாரும் கேட்கவில்லை. பட்டம் விற்கிறவருடைய பேட்டியில் காற்றே கேட்காவிட்டால் அது என்ன பேட்டி?

வானொலியில் வேலை செய்த காலத்தில் எங்களுக்குப் படிப்பித்தது இதுதான்: கதைப்பதை ஒரு பதிவாகவும், இடத்தை இன்னொரு பதிவாகவும் எடு. ஐயாவின் பேச்சை எவ்வளவு சுத்தமாக எடுக்கமுடியுமோ அவ்வளவு சுத்தமாக எடுங்கள். முடிந்ததும் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி, அதே இடத்தில், அதே மைக்கில், ஒரு நிமிடம் சும்மா பதியுங்கள். வெட்டுகிற இடங்களில் ஓட்டை விழாமல் அடைக்க அது உதவும். பிறகு பின்னேரம் போய், ரோமத் தொப்பி போட்டு, பட்டத்தின் வால் படபடக்கிற சத்தம், நூல் இழுபடுகிற சத்தம், பிள்ளைகள் கத்துவது, அலை, எல்லாவற்றையும் கிட்டப்போய்த் தனித்தனியாக எடுங்கள். வீட்டில் வைத்து, உங்களுக்கு வேண்டிய அளவுக்குக் காற்றை ஐயாவின் பேச்சுக்குக் கீழே போடுங்கள். 'புபுபுப்' காற்றின் சத்தமே இல்லை என்று பழைய ஸ்பீக்கர் சொன்னது சரி. காற்றின் சத்தம் என்பது அது தொடுகிற சாமான்களின் சத்தம்.

இதில் மட்டும் அவரோடு எனக்கு ஒரு சண்டை. அந்தப் பழைய 38 நிமிடத்தை எறியவேண்டாம். மனைவியைப் பற்றி ஒரு மனுசன் இரண்டாம் தரம் சொல்லும்போது முதல் தரம் மாதிரி வராது.

பழைய_ஸ்பீக்கர் · ஜூலை 15, காலை 7.10

சண்டையில்லை. ஆனால் விளங்காத பேச்சை வைத்து என்ன செய்வது?

வானொலிக்காது · ஜூலை 15, காலை 7.14

எழுத்தாகக் கீழே போடலாம். முகம் விளங்கும்தானே.

கறுப்புவெள்ளை · ஜூலை 15, காலை 10.00

என் ஷொட்கன் மைக்கை விற்கப்போகிறேன். யாருக்காவது வேண்டுமா?

கடலைச்சரை · ஜூலை 20, இரவு 9.45

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லவேண்டும்.

ஞாயிறு காலை 6.25க்குப் போனோம். ஓப்பன் கமராவில் வெளி மைக்கைத் தெரிவு செய்து, நகத்தால் சுரண்டி, போட்டுக் கேட்டு, அதற்குப் பிறகுதான் ஐயாவை உட்காரச் சொன்னேன். மைக்கை முதலில் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில் குத்தினேன். இரண்டு நிமிடத்தில் ஒரு பிரச்சினை. ஐயா 'நான்' என்று சொல்லும்போதெல்லாம் நெஞ்சில் தட்டுகிறார். டும். 'நான் அந்தக் காலத்தில்', டும். தட்டவேண்டாம் என்றால் கை நிற்கிறது, கதையும் நிற்கிறது. என்ன செய்வது என்று பார்த்தால் அவர் தலையில் எப்போதும் ஒரு தொப்பி. மருந்துக்கடையில் வாங்கின வெள்ளை பிளாஸ்டரால் மைக்கைத் தொப்பியின் முன்விளிம்புக்கு அடியில் ஒட்டினேன். வாயிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவு, முதுகு கடலுக்கு, மேலே விளிம்பு. காற்று கிட்டவே வரவில்லை. நெஞ்சில் எவ்வளவு வேண்டுமானாலும் தட்டட்டும்.

ஒரு காகம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. ஐயா தன்னிடமிருந்த பணிஸில் பாதியைப் பிய்த்துத் தூர எறிந்தார், அது போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஆறு காகம் வந்தன. இந்தத் தவறை வேறு யாரும் செய்யவேண்டாம்.

பின்னேரம் திரும்பிப் போய்ப் பட்டத்தின் வால், நூல் எல்லாம் எடுத்தேன். நூலுக்குச் சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மச்சான் நானாவின் கரடித் தொப்பியைப் போட்ட மைக்கை நூற்கட்டைக்குப் பக்கத்தில் பிடித்தபோது, பலமான காற்றில் ஒரு மெல்லிய 'ஙீ' கேட்டது. ஐயாவுக்கு ஹெட்போனைக் கொடுத்தேன். 'இது எனக்குக் கையில் தெரியும், காதில் இன்றைக்குத்தான்' என்றார்.

மனைவியின் கதையைத் திரும்பக் கேட்டேன். சொன்னார், ஆனால் வானொலிக்காது சொன்னதுபோல் மூன்று வசனத்தில் முடித்துவிட்டார். ஆகவே அந்த இடத்துக்கு மட்டும் பழையதைப் போட்டிருக்கிறேன், கீழே எழுத்தோடு. காற்று இரைச்சலைப் பாதிக்குக் குறைத்திருக்கிறேன். சூண் பாண் ஓட்டோ அப்படியே இருக்கிறது. அதைக் கழற்றிப் பார்த்தேன், கழற்றும்போது ஐயாவின் குரலும் சேர்ந்து போனது, திரும்பப் போட்டுவிட்டேன்.

பழைய_ஸ்பீக்கர் · ஜூலை 20, இரவு 10.02

தொப்பி விளிம்பு நல்ல வேலை தம்பி. அடுத்தமுறை பிளாஸ்டரை ஒட்டமுன் விளிம்பில் இருக்கிற வியர்வையைத் துடையுங்கள், இல்லாவிட்டால் பாதியில் கழண்டு விழும்.

கடலைச்சரை · ஜூலை 20, இரவு 10.05

விழுந்தது அண்ணா. இரண்டு தரம். சொல்ல வெட்கமாக இருந்தது.

மாடிவீட்டு_டீச்சர் · ஜூலை 20, இரவு 10.30

மச்சான், அந்தக் கரடியில் மிச்சத் துணி இருக்கிறதா? எனக்கு ஒரு மைக்குக்குப் போதும்.

மாளிகாவத்தை_மச்சான் · ஜூலை 20, இரவு 10.41

ஒரு காதும் வலது காலும் மிச்சம் டீச்சர். வெள்ளிக்கிழமை வெள்ளவத்தைப் பக்கம் வருகிறேன், ரயில் போனபிறகு கூப்பிடுங்கள்.